தாய்லாந்துச் சரக்குத்தூள்: ஒரு சமூகவியல் நோக்கு

சமையல் நூல்களிலும் கடைப் பொதிகளிலும் 'தாய்லாந்துத் தூள்' என்ற பெயரில் ஓர் உலர் கலவை இன்று பரவலாகக் காணப்படுகிறது. செத்தல் மிளகாய், கொத்தமல்லி, சீரகம், எலுமிச்சம்புல், பேரரத்தை ஆகியவற்றை உலர்த்தி இடித்துச் சேர்த்த இக்கலவையை வீட்டிலேயே தயாரிக்கும் முறையை விளக்குவது இக்கட்டுரையின் நேரடி நோக்கமாகும். ஆயின் முறையை மட்டும் கூறி அமைவதற்கு ஒரு தடை உண்டு. தாய்லாந்துச் சமையலை அறிந்தோர், அச்சமையலின் மையமாக விளங்குவது உலர்ந்த தூளன்று, ஈரமாக இடித்தெடுக்கப்படும் கூட்டே என்பதை உடனடியாகச் சுட்டிக்காட்டுவர். அவ்வாறாயின் உலர் தூள் எங்கிருந்து வந்தது? ஏற்றுமதி வணிகம் தோற்றுவித்த போலி என்று அதனைத் தள்ளிவிடலாமா? தூய்மைவாதிகள் அவ்வாறே தள்ளிவிடுவர். அக்கூற்று வரலாற்றுக்கு ஒத்ததன்று என்பதே எமது கருத்து. தாய்லாந்தின் வெவ்வேறு பகுதிகளில் உலர் கூட்டுகள் நெடுங்காலமாகவே வழங்கிவந்துள்ளன. அவை ஒவ்வொன்றின் பின்னாலும் தோட்டத்தை விட்டு நெடுந்தொலைவு சென்ற பண்டமோ மனிதரோ நிற்கக் காணலாம். உலர்த்துதல் என்பது தொலைவை வெல்லுவதற்கு மனிதர் கண்ட வழி. ஆகவே ஒரு தூளைக் கையிலெடுக்கும்போது, இது எந்தத் தொலைவுக்காக உலர்த்தப்பட்டது, இதனை இடித்தவர் யார் என்ற இரு வினாக்களும் உடனெழுதல் வேண்டும். நமது வழக்கில் 'சரக்கு' என்பது மல்லி, மிளகு, சீரகம் முதலியவற்றைக் குறிக்கும். விற்பனைப் பண்டத்தையும் அச்சொல்லே குறிக்கும். இவ்விரு பொருளும் ஒரே சொல்லிற் கூடியிருப்பது தற்செயலானதன்று.

முதலில் ஈரக்கூட்டின் இயல்பை நோக்குவோம். இது தாய்லாந்து மொழியில் 'பிரிக் கேங்' எனப்படும். இதனை இடிக்கும் உரலுக்குக் 'குரோக்' என்று பெயர். பாங்கொக்கின் தென்கிழக்கே சொன்புரி மாகாணத்திலுள்ள ஆங்சிலா என்ற கடற்கரையூர் இத்தகைய கல்லுரல்களுக்குப் பெயர்பெற்றது. இடிப்பதில் மாறாத ஒழுங்கொன்று பேணப்படுகிறது. ஊறவைத்த செத்தல் மிளகாயும் உப்பும் முதலில் இடப்படும். உப்புப் பரல்கள் மிளகாய்த் தோலை அறுத்து மசியச் செய்யும். அடுத்து நாரும் வன்மையும் உடைய பேரரத்தை, எலுமிச்சம்புல், மக்ரூட் எனப்படும் கரடுமுரடான தேசிக்காயின் தோல், கொத்தமல்லி வேர் ஆகியன சேரும். பின்னரே நீர்ப்பற்றுடைய உள்ளியும் சின்ன வெங்காயமும். எல்லாவற்றுக்கும் இறுதியில், சிற்றிறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்த 'கப்பி' என்னும் பசை. வன்மையானது முன்னும் நீருடையது பின்னுமாக அமையும் இவ்வொழுங்கைச் சடங்கு எனக் கருதுதல் தவறு. நீர் முன்னரே சேர்ந்துவிட்டால் நார் குழவிக்கு அகப்படாமல் வழுக்கும் என்பது பல தலைமுறையாகச் சேர்ந்த தொழிலறிவு.

இக்கூட்டின் மணம் பச்சைத் தாவரங்களின் எண்ணெய்களிலேயே பெரிதும் தங்கியிருக்கிறது. இடித்த சில நாள்களில் அது மங்கிவிடும். எனவே வீட்டருகே தோட்டம், நாள்தோறும் உரலடியில் ஓர் ஆள் என்ற இரண்டும் ஈரக்கூட்டின் முன்நிபந்தனைகளாகின்றன. அந்த ஆள் பெரும்பாலும் பெண். பெண் பார்க்க வருவோர் உரலோசையைக் கேட்டே அவளது திறமையை மதிப்பிடுவர் என்ற பழங்கதை தாய்லாந்தில் வழங்குகிறது. நாட்டார் மரபின் எழில் என்று இதனை விதந்துரைப்போர் உளர். ஊதியமற்ற உழைப்பைக் காதாற் கேட்டு மதிப்பிடும் ஏற்பாடு என்றே நாம் இதனைக் கொள்ளவேண்டியுள்ளது.

இனி, சொற்கள் தரும் சான்றுகளுக்கு வருவோம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துக்குரியது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் வழியாக ஆசியாவை வந்தடைந்தது. 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசர் அவ்வாண்டிலேயே அயுத்தியா அரசுக்குத் தூது அனுப்பினர். அதற்கு முன்னர் தாய்லாந்து மொழியில் 'பிரிக்' என்ற சொல் மிளகையே குறித்தது. மிளகாய் பரவியதும் அப்பெயரை அது தனதாக்கிக்கொண்டது. பழைய மிளகு 'பிரிக் தாய்', அதாவது 'தாய்லாந்து மிளகு', என்று அடைமொழி பெற்றே வாழவேண்டியதாயிற்று. நாட்டுக்குப் பழையது அடைமொழி தேடி நிற்க, கடல்கடந்து வந்தது அடைமொழியின்றி ஆட்சி செய்கிறது. தமிழ் மக்களும் இதே புதுப்பொருளை மிளகின் பெயரோடு 'காய்' என்பதைச் சேர்த்து வரவேற்றனர். மட்டக்களப்பார் கொச்சிக்காய் என்று அதனை ஒரு துறைமுகத்தின் பெயரோடு இணைத்தனர். சீரகத்தைத் தாய்லாந்து மக்கள் 'யீரா' என்பர். திப்பிலியை 'டீப்லீ' என்பர். மஞ்சள் நிறக் கறித்தூளை 'பொங் கரி' என்பர். 'பொங்' என்பது தூள், 'கரி' எது என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை. தமிழுக்கும் தாய்லாந்துக்குமுள்ள உறவு பற்றிப் பேசும் அறிஞர்கள் பாங்கொக் அரசவையின் திரியம்பவாய்-திரிபவாய்ச் சடங்கையும், அதன் பெயர் திருவெம்பாவை, திருப்பாவை ஆகியவற்றோடு கொண்டுள்ள தொடர்பையும் எடுத்துக்காட்டுவது வழக்கம். அது முக்கியமான செய்தியே. எனினும் அரண்மனை முற்றத்திலும் கோயில் ஊஞ்சலிலும் தேடிய அளவுக்கு அடுக்களையில் அவர்கள் தேடியதில்லை. புரோகிதர் கொண்டுசென்ற சொற்களோடு கப்பலோட்டியும் கடைக்காரனும் கொண்டுசென்ற சொற்களும் வாழ்கின்றன. இவற்றுள் பின்னவையே நாள்தோறும் வாயில் வழங்குவன.

தாய்லாந்தில் வழங்கும் உலர் கூட்டுகளுள் மூன்றினை இங்கு எடுத்துக்கொள்வோம். முதலாவது, 'மசமன்' எனப்படும் கறியிற் சேரும் வறுத்த சரக்குகள். கொத்தமல்லி, சீரகம், கறுவா, கராம்பு, சாதிக்காய், சாதிப்பத்திரி, வெள்ளேலம் ஆகியவற்றை வறுத்து இடித்துப் பின்னரே ஈரக்கூட்டோடு கலப்பர். வறுத்த உலர் சரக்கு இவ்வளவு மிகுதியாகச் சேருங் கறி தாய்லாந்தில் அரிது. முஸ்லிம் என்பதன் பாரசீக வடிவத்திலிருந்து வந்தது 'மசமன்' என்ற பெயர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயுத்தியாவில் குடியேறிய பாரசீக வணிகர் ஷேக் அகமதுவின் வழிவந்தோருடன் இதனைத் தொடர்புபடுத்துவோர் உளர். தெற்கே மலாய் முஸ்லிம்களிடமிருந்து வந்ததென்போரும் உளர். எவ்வாறாயினும் இது கடல்வணிகத்தின் கறி. ஷேக் அகமதுவின் வழிவந்த புன்னாக் குடும்பம் சியாம் அரசின் உயர்பதவிகளைப் பல தலைமுறை வகித்தது. பின்னாளில் இரண்டாம் இராமர் என முடிசூடி 1809 முதல் 1824 வரை ஆண்ட இளவரசர், தலைவியின் கைவண்ணத்தில் உருவான உணவுகளைப் புகழ்ந்து பாடிய படகுப் பாட்டொன்றில் மசமனையும் அதன் சீரக மணத்தையும் சிறப்பித்துள்ளார். தாய்லாந்து இலக்கிய வரலாற்றில் அப்பாட்டு பெரிதும் போற்றப்படுவது. அரண்மனை உணவைப் பாடிய புலவன் தலைவியின் கையைக் கண்டான். உரலடியிலிருந்த பணிப்பெண்ணின் கை அவன் கண்ணிற் படவில்லை.

சமையல் நூல்களின் வரலாறும் இதையே உறுதிப்படுத்துகிறது. தாய்லாந்தின் முதற் பெருஞ் சமையல் நூலாகிய 'மேக்ருவா ஹுவாபா' 1908ஆம் ஆண்டளவில் வெளிவந்தது. அதனை இயற்றிய பிலியன் பாசகொரவோங் என்னும் பெருமாட்டி புன்னாக் குடும்பத்து அமைச்சர் ஒருவரின் மனைவி. வணிகக் குடும்பம் ஆளும் குடும்பமாகி, ஆளும் குடும்பத்தின் அடுக்களை அச்சேறிய படிமுறை இதில் தெளிவாகப் புலப்படுகிறது. இதனோடு சேர்த்து நோக்கத்தக்க மற்றொரு நூல்வகையும் உண்டு. செல்வர் இல்லங்களில் ஒருவர் இறந்தால் ஈமச்சடங்கிற்கு வருவோருக்கு நினைவுநூல் அச்சிட்டு வழங்குவது தாய்லாந்து வழக்கம். சமையலில் வல்ல பெண் இறந்தவிடத்து அவரது சமையற் குறிப்புகள் அந்நூலில் இடம்பெறுவதுண்டு. நமது கல்வெட்டுப் பாடல்களை நினைவூட்டும் இந்நூல்கள் சமூக வரலாற்றாசிரியனுக்குப் பெருஞ்செல்வம். ஆயின் யாருடைய மரணம் அச்சேறியதோ அவருடைய சமையலே அச்சேறியது.

இரண்டாவது உலர் கூட்டு வடக்கே லான்னா நாட்டுக்குரியது. சியாங் மாய் நகரம் 1296இல் நிறுவப்பட்டது. 1558இல் பர்மிய ஆட்சிக்குட்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பாங்கொக்கின் மேலாதிக்கத்துக்குள் வந்தது. கடலிலிருந்து விலகிய இம்மலைநாட்டிற்கு யூனான் முஸ்லிம் வணிகரின் கோவேறு கழுதைகளே கப்பல்களாக விளங்கின. இங்கு கொத்திய இறைச்சியில் ஆக்கப்படும் 'லாப்' என்னும் உணவுக்கெனத் தனியே ஒரு சரக்குத்தூள் உண்டு. சுட்ட செத்தல் மிளகாய், திப்பிலி, மிளகு, கொத்தமல்லி, ஏலம், கறுவா, கராம்பு, சாதிக்காய் என்பவற்றோடு 'மக்வேன்' என்ற மலைமரத்தின் சிறுகாயும் அதிற் சேரும். நாவை விறுவிறுக்கச் செய்து தேசிக்காய் மணம் வீசும் இக்காய், சீனத்துச் சிச்சுவான் மிளகின் உறவினது. 'நான்' என்னும் எல்லை மாகாணம் இதற்குப் பெயர்பெற்றது. காட்டிலிருந்து மக்வேனும் வணிகப் பாதையிலிருந்து சாதிக்காயும் வந்து ஓர் உரலிற் கூடுகின்றன. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு அளவு வேறுபடும். தாய்லாந்து முறை உலர் தூள் என்று உண்மையாகவே கூறத்தக்கது எதுவெனின், இவ் வடநாட்டுத் தூளையே நாம் முதலிற் சுட்டுவோம். வெளிநாட்டுப் பொதிகளில் இதனைக் காண்பது அரிது என்பதும் கவனிக்கத்தக்கது.

மூன்றாவது வடகிழக்குப் பகுதியின் கூட்டு. அப்பகுதியின் பெயர் ஈசான். வடகிழக்கை ஈசான மூலை என்னும் நமக்கு இப்பெயர் புதிதன்று. மழையை நம்பிய மணற்பாங்கான மேட்டுநிலம். தென்னை குறைவு, எனவே தேங்காய்ப்பாற் கறி இங்கு மரபன்று. மக்கள் பெரும்பாலும் லாவோ மொழி பேசுவோர், பசையரிசி உண்போர். கறுவாவும் கராம்பும் வாங்குவதற்கு இங்குள்ள உழவனிடம் பணமும் இருந்ததில்லை. இவர்களுடைய உலர் கூட்டு இரண்டே பொருள்களால் ஆனது: வறுத்து இடித்த செத்தல் மிளகாய், அதாவது 'பிரிக் பொன்', வறுத்து இடித்த அரிசி, அதாவது 'காவ் குவா'. இருக்கும் அரிசியையே வாசனைச் சரக்காக மாற்றிய அறிவு எளிதானதன்று. பொன்னிறம் கடந்து பழுப்பேறும்வரை வறுத்த அரிசி, இறைச்சியின் சாற்றை உறிஞ்சிக் கட்டிப்படுத்தும். கருகல் மணத்தையும் நறநறப்பையும் தரும். வறுமை உண்டாக்கிய கண்டுபிடிப்பு என்று இதனை வருந்தி ஒதுக்குவதும், எளிமையின் அழகு என்று வியந்து நிற்பதும் ஒன்றே. இரண்டும் அந்த உழவனின் நிலைமையை மாற்றா.

ஈசான் மக்களின் தொலைவு வணிகனின் தொலைவன்று, கூலியாளின் தொலைவு. 1900இல் இருப்புப்பாதை நக்கோன் ராச்சசீமாவை அடைந்தது. 1958இல் அமெரிக்க உதவியுடன் நட்புறவு நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. வியட்நாம் போர்க்காலத்தில் உடோன், உபோன் ஆகிய நகரங்களில் அமெரிக்க விமானத்தளங்கள் அமைந்தன. அப்பாதைகள் வழியே படையும் சரக்கும் வடகிழக்கே சென்றன. உழைப்பு பாங்கொக்கை நோக்கி வந்தது. கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வண்டியோட்டவும் வந்த மக்களோடு மிளகாய்த் தூளும் அரிசித் தூளும் வந்தன. தலைநகரத்தார் நாட்டுப்புறத்தான் உணவு என்று முகஞ்சுளித்த லாப், பின்னர் உலகெங்கும் 'தாய்லாந்து உணவு' என்ற பெயரில் விற்கப்படலாயிற்று.

இப்பெயர்மாற்றம் தானாக நிகழ்ந்ததன்று. 1939இல் பிபுன் சொங்கிராமின் அரசு சியாம் என்ற நாட்டுப்பெயரைத் தாய்லாந்து என்று மாற்றியது. அதே ஆண்டில் வெளியிட்ட கலாசார ஆணைகளுள் ஒன்று, மக்களை வடக்குத் தாய், தெற்குத் தாய், இஸ்லாமியத் தாய் என்று பிரித்தழைத்தலைக் கைவிட்டு யாவரையும் தாய் என்றே அழைக்குமாறு பணித்தது. லாவோ மொழி பேசுவோனும் மலாய் மொழி பேசுவோனும் லான்னா மலைநாட்டானும் ஓர் ஆணையால் ஒரே பெயரைப் பெற்றனர். அவர்தம் உரல்களில் இடிபட்டவையும் காலப்போக்கில் அப்பெயரையே பெற்றன. 2002 முதல் தாய்லாந்து அரசு வெளிநாடுகளில் உணவகங்கள் பெருகுவதற்கு ஆதரவளித்துச் செயற்பட்டபோது, அந்த ஒரே பெயர் வணிகக் குறியாகவும் பயன்பட்டது. கடைப் பொதியிலுள்ள 'தாய்லாந்துத் தூள்' இந்நீண்ட ஒடுக்கலின் கடைசி வடிவம். பண்டம் தன் உற்பத்தியாளரை மறைத்துக்கொண்டு தானே பேசுவது போலத் தோன்றும் என்ற மார்க்சிய விளக்கத்துக்கு இதனினும் எளிய உதாரணம் கிடைப்பது அரிது.

இவ்விடத்தில் சித் பூமிசாக்கை நினைவுகூராமல் அப்பாற் செல்ல இயலாது. 1930இல் பிறந்த இவர் மொழியியலாளர், இலக்கியத் திறனாய்வாளர், கவிஞர், மார்க்சியவாதி. தாய்லாந்தின் நிலமானிய முறை பற்றி 1957இல் இவர் எழுதிய ஆய்வு ஆளும் வர்க்கத்தின் சினத்துக்குள்ளாயிற்று. 1958 முதல் 1964 வரை சிறையிலிருந்தார். சியாம், தாய், லாவோ, கொம் ஆகிய இனப்பெயர்களின் தோற்றம் பற்றிய இவரது பெருநூல் மறைவுக்குப் பின்னர் 1976இல் வெளிவந்தது. ஒரு மக்கட் கூட்டத்தின் பெயர் எவ்வாறு உண்டாகிறது, யார் யாரை எப்பெயரால் இழித்தழைக்கின்றனர் என்பதைச் சொல்லாராய்ச்சி வழியாகச் சமூக உறவுகளோடு இணைத்துக் காட்டிய நூல் அது. 1966இல் ஈசானின் சக்கொன் நக்கோன் மாகாணத்தில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். காட்டிலிருந்து ஊருக்குள் உணவு கேட்டு வந்த வேளையிலே கொல்லப்பட்டார் என்று கூறப்படுகிறது.

இனித் தயாரிப்பு முறைக்கு வருவோம். உரலில் இடிப்பதே மரபு, இயந்திரத்தில் அரைப்பது பாவம் என்ற கருத்து எமக்கில்லை. அரைக்கும் இயந்திரம் பெண்ணின் முதுகை நிமிரச் செய்தது. அந்த நிமிர்வைப் பழமையின் பெயரால் மீளப்பெற முயல்வது பிற்போக்கே. எனினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. அலகு அறுக்கும்; உரல் நசுக்கும். நசுக்கப்பட்ட நாரிலிருந்து எண்ணெய் மிகுதியாக வெளிப்படும். ஆகவே அரைத்த தூளை இறுதியில் சிறிது நேரம் உரலிலிட்டு இடிப்பது பயன்தரும். அவ்வேலையை வீட்டிலுள்ள ஆண்கள் ஏற்பதில் எத்தடையும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஏறத்தாழ 100 கிராம் தூளுக்குரிய அளவு பின்வருமாறு: காம்பும் விதையும் நீக்கிய செத்தல் மிளகாய் 25 கிராம், கொத்தமல்லி விதை 20 கிராம், சின்னச்சீரகம் 8 கிராம், வெண்மிளகு 5 கிராம், உலர்ந்த எலுமிச்சம்புல் 12 கிராம், உலர்ந்த பேரரத்தை 10 கிராம், உலர்ந்த மக்ரூட் இலை 4 கிராம், உலர்ந்த உள்ளியும் சின்ன வெங்காயமும் ஒவ்வொன்றும் 8 கிராம். உப்பைச் சமைக்கும்போதே சேர்த்தல் நன்று. தூளிற் சேர்த்தால் ஈரத்தை இழுக்கும்.

உலர்த்துவதிலேயே பெரும்பாலோர் தவறுவர். எலுமிச்சம்புல்லின் அடித்தண்டை மட்டும் எடுத்து, நெடுக்கே கிழியாமல் குறுக்கே மெல்லிய வட்டங்களாக அரிதல் வேண்டும். நெடுக்கே அரிந்த நார் எவ்வளவு இடித்தாலும் தும்பாகவே எஞ்சி வாயில் உறுத்தும். பேரரத்தையைப் பச்சையாக இருக்கும்போதே மெல்லிய சீவல்களாக்குக. உலர்ந்தபின் அது மரக்கட்டை போலாகிவிடும். இஞ்சியை இதற்குப் பதிலாக இடுவோர் உளர். இரண்டின் மணமும் வேறு. மக்ரூட் இலையின் நடுநரம்பை நீக்கிவிடுக. இம்மூன்றையும் காற்றோட்டமுள்ள நிழலில் உலர்த்துதல் வேண்டும். கடும் வெயிலில் இலை வெளிறி மணம் போய்விடும். பச்சைத் தண்டின் பெரும்பகுதி நீராதலால், வேண்டிய உலர்ந்த நிறையின் நான்கைந்து மடங்கு பச்சையாக எடுத்துக்கொள்க. உள்ளியையும் வெங்காயத்தையும் சீவி வெயிலில் முறுமுறுக்கக் காயவிடலாம். மிளகாயை மட்டும் ஐயமின்றி ஆராய்ந்து வாங்குக. சரியாக உலராத மிளகாயிற் பிடிக்கும் பூஞ்சணம் நஞ்சை உண்டாக்கும்; வறுப்பதால் அந்நஞ்சு நீங்காது. உள்ளே சாம்பல் நிறம் படர்ந்த மிளகாயை எறிந்துவிடுதலே தக்கது.

எதனை வறுப்பது, எதனை வறுக்காது விடுவது என்பதே இக்கூட்டின் உயிர்நிலை. கொத்தமல்லியும் சீரகமும் வறுபட்டால் புதிய மணங்கள் தோன்றும். அவை கடல்கடந்து நெடுநாட் பயணஞ்செய்து வந்த வன்மையான விதைகள். வெப்பம் அவற்றைத் திறக்கிறது. எலுமிச்சம்புல்லும் மக்ரூட் இலையும் அவ்வாறல்ல. அவற்றின் மணத்துக்குக் காரணமான எண்ணெய்கள் எளிதில் ஆவியாகும். ஆதலின் அவற்றைச் சட்டியிற் போடலாகாது. யாழ்ப்பாணத்துத் தூள் வறுத்துப் பழகிய கை இங்கு சற்று அடங்கவேண்டும். நமது தூள் கருமை தோன்ற வறுபடுவது. இது நிறம் மாறத்தொடங்கியதும் இறக்கப்படுவது. கொத்தமல்லியையும் சீரகத்தையும் தனித்தனியே மெல்லிய நெருப்பில் வறுத்து, மணம் எழுந்ததும் தட்டிற் கொட்டி ஆறவிடுக. மிளகாயை இறுதியில், சூடு தணிந்த சட்டியில் புரட்டி, மொறுமொறுப்பானவுடன் எடுத்துவிடுக. மிளகை வறுக்கவேண்டியதில்லை. எல்லாம் நன்றாக ஆறியபின், நாருள்ளவற்றை முதலில் அரைத்து அரிதட்டில் அரித்து, தேங்கிய தும்பை மீண்டும் அரைத்து, அதன் பின்னரே விதைகளையும் மிளகாயையும் சேர்க்க வேண்டும். ஈரக்கூட்டில் நாம் கண்ட 'வன்மையானது முன்' என்ற விதி உலர்தூளிலும் மாறவில்லை. கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி இருளிடத்தில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் மணங்குன்றாது.

வடநாட்டு முறையை விரும்புவோர் எலுமிச்சம்புல்லையும் மக்ரூட் இலையையும் விடுத்து, திப்பிலி 6 கிராம், கறுவா, ஏலம் ஒவ்வொன்றும் 3 கிராம், கராம்பு 1 கிராம், சாதிக்காய் ஒரு சிறு துண்டு என்பவற்றைச் சேர்க்கலாம். மக்வேனுக்கு ஈடாகச் சிச்சுவான் மிளகை இடலாம்; முற்றிலும் ஒத்ததாகாவிடினும் நாவின் விறுவிறுப்பு கிடைக்கும். ஈசான் கூட்டுக்கு 100 கிராம் பசையரிசியை, கிடையாதவிடத்துப் பச்சையரிசியை, மெல்லிய நெருப்பில் கால்மணி நேரம் இடைவிடாது கிளறி வறுத்துக் கரகரப்பாக இடித்தல் வேண்டும். மாவாக அரைத்தால் பயனில்லை. இதனை மிளகாய்த் தூளோடு கலந்து வையாது தனியே வைத்து, உணவு இலைக்குச் செல்லும் வேளையிலேயே தூவுக.

முதலிற் கூறிய தூளைக் கறிக்குப் பயன்படுத்துகையில் நேரே தேங்காய்ப்பாலில் கொட்டுதல் பொருந்தாது. அரைக்கிலோ இறைச்சிக்கு இரண்டு மேசைக்கரண்டித் தூளை இளஞ்சூட்டு நீரிற் குழைத்துப் பத்து நிமிடம் ஊறவிடுக. உலர்த்தும்போது நாம் அகற்றிய நீரை மீளக் கொடுக்கும் செயல் இது. கட்டித் தேங்காய்ப்பாலை எண்ணெய் பிரியும்வரை காய்ச்சி, அவ்வெண்ணெயிற் கூட்டை வதக்கியபின்னரே இறைச்சியும் இரண்டாம் பாலும் சேரவேண்டும். மிளகாயின் உறைப்பும் இலைகளின் மணமும் கொழுப்பில் கரைவனவாதலின் இவ்வொழுங்கு இன்றியமையாதது. உப்புக்கு மீன்சாறும், இனிப்புக்குச் சிறிது பனங்கட்டியும் இடுக. தாய்லாந்தின் பெச்சபுரி மாகாணமும் பனஞ்சர்க்கரைக்குப் பெயர்பெற்றது. யாழ்ப்பாணத்துப் பனங்கட்டி அங்குள்ள சமையலாளருக்கு அந்நியமாகத் தோன்றாது. கப்பி கிடையாவிடின் கூனி இறாலை வறுத்து இடித்து, வதக்கும் வேளையில் ஒரு தேக்கரண்டி சேர்க்கலாம். அதனைத் தூளோடு கலந்து போத்தலில் வைக்கவேண்டாம். சில வாரங்களில் முழுத் தூளும் சிக்குவாடை பற்றிவிடும்.